வன்னிமை பிறந்த கதை

வன்னியின் கடைசித் தலைவன் பண்டாரவன்னியனின் பெயரைக் கேள்விப்படாத பிள்ளை இங்கே இல்லை. வவுனியா மாவட்டச் செயலகத்தடியில் அவனுடைய சிலை நிற்கிறது. ஆவணி மாதத்தில் அதற்கு மாலை விழுகிறது. பள்ளிக்கூட விழாக்களில் அட்டை வாளைப் பிடித்தபடி அவன் எத்தனையோ முறை மேடையேறிவிட்டான். ஆனால் அவனோடு முடிந்துபோன ஆட்சி எப்போது தொடங்கியது, எப்படித் தொடங்கியது என்று கேட்டால் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். அறுநூறு ஆண்டுக்குக் கிட்ட நின்ற ஆட்சிமுறை ஒன்றின் கடைசிச் சில மாதங்களை மட்டும் நாங்கள் நினைவில் வைத்திருக்கிறோம். இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. அரசன் எப்படிச் செத்தான் என்பதைவிட, அரசு எப்படிப் பிறந்தது என்பதில்தான் ஒரு நாட்டின் குணம் தெரியும்.

வன்னித் தலைவர்களின் ஆட்சிக்கு வன்னிமை என்று பெயர். அது பிறந்த இடத்தைத் தேடி அரண்மனை இடிபாடுகளுக்குள் போக வேண்டியதில்லை. வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் வந்தாலே போதும். வேப்பங்குளம் கழிந்தால் எங்கள் நெளுக்குளம். அப்பால் பூவரசங்குளம். ஒரு பக்கம் கூமாங்குளம், இன்னொரு பக்கம் பாவற்குளம், இன்னும் தள்ளிச் செட்டிகுளம். ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் கோயிலைப் பார்க்கவில்லை, கோட்டையைப் பார்க்கவில்லை. தண்ணீர் நிற்கிற இடத்தைப் பார்த்திருக்கிறார்கள். மார்கழி மழை ஓய்ந்த பிறகு இந்த நிலத்தில் ஓடுகிற ஆறு என்று சொல்ல அதிகம் இல்லை. வைகாசி, ஆனி மாதங்களில் மண் வெடித்துக் கிடக்கும். பெய்கிற நாலு மாத மழையைக் கட்டி வைத்தவன்தான் மற்ற எட்டு மாதமும் இங்கே வாழ முடியும். வன்னியில் யார் ஆண்டாலும் அந்த ஆட்சி குளத்துக்கட்டில் நின்றுதான் நடந்தது.

கதையின் தொடக்கத்தை 1215ஆம் ஆண்டில் வைக்கலாம். அந்த ஆண்டில் கலிங்க மாகன் பெரும்படையோடு வந்து பொலநறுவையைப் பிடித்தான். அவனிடம் 24,000 வீரர் இருந்ததாகச் சூளவம்சம் என்ற பழைய வரலாற்று நூல் சொல்கிறது. அதை எழுதியவர்கள் அவன்மேல் கொண்ட கோபம் ஒவ்வொரு வரியிலும் கொதிக்கிறது. ஆகவே அந்த எண்ணை அப்படியே நம்பத் தேவையில்லை. நடந்தது மட்டும் உறுதி. அனுராதபுரத்திலும் பொலநறுவையிலும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இருந்த அரசு அங்கிருந்து பெயர்ந்தது. சிங்கள அரசர்கள் தென்மேற்கே தம்பதெனியா, யாப்பகூவா, குருநாகல், கம்பளை, கோட்டை என்று தலைநகர்களை மாற்றிக்கொண்டே போனார்கள். வடக்கே யாழ்ப்பாணத்தில் ஆரியச் சக்கரவர்த்திகளின் அரசு எழுந்தது. இரண்டுக்கும் நடுவில், முந்திய அரசுகள் கட்டிவிட்டுப் போன ஆயிரக்கணக்கான குளங்களோடு, ஒரு பெரிய நிலப்பரப்பு தலைமையில்லாமல் கிடந்தது.

பெரிய குளங்கள்தான் முதலில் போயிருக்க வேண்டும். பல மைல் நீளமான வாய்க்காலையும் பெரிய துருசுகளையும் பராமரிக்க அரச அதிகாரி வேண்டும், நூற்றுக்கணக்கான ஆட்களை வேலைக்கு இழுக்கிற ஆணை வேண்டும். அந்த ஆணை இல்லாத ஒரு மாரியில் கட்டு உடைந்தால், அடுத்த மாரிக்குள் அதைத் திருப்பிக் கட்ட ஆளில்லை. பத்து ஆண்டில் குளத்தின் வயிற்றுக்குள்ளேயே பாலையும் வீரையும் முளைத்துவிடும். சின்னக் குளம் அப்படியல்ல. ஐம்பது குடும்பம் சேர்ந்தால் உடைப்பை அடைக்கலாம், மிகைநீர் வழிகிற வானைச் செப்பனிடலாம். காடு திரும்பி வந்து பெருநகரங்களை மூடியபோதும் சின்னக் குளங்களின் கீழே வயல் விதைப்பு அங்கங்கே நடந்துகொண்டுதான் இருந்தது. பொலநறுவையில் நின்று பார்த்தவர்களுக்கு நாடு அழிந்துவிட்டது. குளத்தடியில் இருந்தவர்களுக்கு அரசன்தான் இல்லாமல் போனான். காலபோகம் வந்துகொண்டே இருந்தது.

அரசன் இல்லாத இடத்திலும் சில வேலைகளை யாராவது செய்தாக வேண்டும். எந்த நாளில் துருசு திறப்பது, தண்ணீர் குறைந்த ஆண்டில் யாருடைய வயலை விதைக்காமல் விடுவது, கட்டில் மண் போட வராதவனை என்ன செய்வது, பக்கத்துக் குளத்துக்காரர் வாய்க்காலை வெட்டிவிட்டால் யார் போய்க் கேட்பது? ஊரைச் சூறையாட வருகிற கூட்டத்தை மறிப்பதும், விதைநெல்லைச் சேமித்து வைப்பதும் யாருடைய பொறுப்பு? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன குடும்பம் அடுத்த தலைமுறையிலும் பதில் சொன்னது. மூன்றாவது தலைமுறையில் அது உரிமையாகிவிட்டது. வன்னிமையின் பிறப்பு இப்படித்தான் நடந்திருக்கும் என்பது என் துணிபு. எழுதப்பட்ட ஆதாரங்களும் இதற்கு எதிராக நிற்கவில்லை. மாகனுக்குப் பின்வந்த தம்பதெனிய அரசர்களைப் பற்றிப் பேசும்போது சூளவம்சம் வன்னி அரசர்கள் என்று பன்மையில் குறிப்பிடுகிறது. இரண்டாம் பராக்கிரமபாகு 1236 முதல் ஆண்டவன். அவன் காலத்தில் அவர்கள் ஏற்கெனவே அடக்க வேண்டிய அளவுக்கு, அல்லது அணைத்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு வளர்ந்திருந்தார்கள். சிங்கள நூல்கள் பின்னால் பதினெட்டு வன்னி என்று கணக்குச் சொல்லும்.

நாங்கள் வன்னிமை என்றதும் தமிழர் தலைமையை மட்டும் நினைக்கிறோம். ஆனால் நுவரகலாவியப் பக்கத்தில் சிங்கள வன்னிமைகளும் இருந்தன. புத்தளம், திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்கிலும் மேற்கிலும் வன்னிமைகள் இருந்தன. மொழி இரண்டானாலும் காடும் குளமும் ஒன்றுதான். ஒரே நிலைமை ஒரே வகை ஆட்சியைப் பெற்றிருக்கிறது.

எங்களுடைய பழைய நூல்கள் பிறந்த கதையை வேறு விதமாகச் சொல்கின்றன. கோணேசர் கல்வெட்டில் குளக்கோட்டன் என்ற சோழ அரசன் திருகோணமலைக் கோயிலைத் திருத்தி, குளங்களைக் கட்டி, கோயில் வேலைக்குக் குடிகளை வைத்து, அவர்களை ஆள வன்னியரை அமர்த்துகிறான். வையாபாடலில் ஓர் இளவரசியோடு வன்னியர் கடல் கடந்து வருகிறார்கள். 1736ஆம் ஆண்டளவில் மயில்வாகனப் புலவர், ஒல்லாந்த அதிகாரி யான் மக்காராவின் கேள்விக்கிணங்க எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையிலும் வன்னியர் வருகை உண்டு. இவற்றைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவது எளிது. நான் தள்ளமாட்டேன். ஒவ்வோர் ஆளும் குடும்பமும் தன் தொடக்கத்தை எங்கே வைக்க விரும்பியது என்பதை இந்த நூல்கள் உள்ளபடி சொல்கின்றன. வன்னியர் தங்கள் தொடக்கத்தை ஒரு போர்க்களத்தில் வைக்கவில்லை. கோயிலிலும் குளத்திலும் வைத்தார்கள். குளக்கோட்டன் என்ற பெயரே அதைச் சொல்லாமல் சொல்கிறது. தமிழகத்திலிருந்து படையோடும் குடியேற்றத்தோடும் வந்த தலைவர்களும் இந்த வன்னியருக்குள் இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. பேராசிரியர் சி. பத்மநாதன் வன்னியரைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார்; ஈடுபாடுள்ளவர்கள் அவரிடமிருந்து தொடங்குவது நல்லது.

யாழ்ப்பாண அரசு வலுத்தபோது வடவன்னியின் தலைவர்கள் அதற்குத் திறை கொடுத்தார்கள். பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிகட்டுமூலை, தென்னமரவடி ஆகியவை அவர்களுடைய பற்றுகள். மொத்தத்துக்கும் அடங்காப்பற்று என்ற பெயர் நின்றது. திறையும் கொடுத்து, அடங்காத பெயரும் எடுத்தார்கள். வன்னிமையின் அரசியலே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்தது. யாழ்ப்பாணத்துக்குத் தேவை வன்னியின் நெல்லும் யானையும். வன்னிக்குத் தேவை, யாழ்ப்பாணத்து அதிகாரி எவனும் குளத்தடியில் வந்து கணக்கெழுதாமல் இருப்பது. கொடுக்கல் வாங்கல் அந்தப் புரிதலில் நடந்தது.

1619இல் போர்த்துக்கேயர் பிலிப்பே டி ஒலிவெய்ராவின் தலைமையில் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கடைசி அரசன் சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அரசன் போனான், அவனுக்குத் திறை கொடுத்த வன்னியர் போகவில்லை. திறை வாங்குகிற கை மட்டும் மாறியது. சிலர் ஞானஸ்நானமும் பெற்றார்கள். பின்னாளில் ஒல்லாந்தர் எழுதிய ஆவணங்களில் டொன் பிலிப் நல்லமாப்பாணன், டொன் கஸ்பார் இலங்கைநாராயண முதலியார் என்ற பெயர்களைப் பார்க்கலாம். முன்பாதி லிஸ்பனுக்கு, பின்பாதி பனங்காமத்துக்கு.

யானையைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னிமையின் நாணயம் யானைதான். பொன்னும் முத்தும் இல்லாத இந்தக் காட்டிலிருந்து உலகச் சந்தைக்குப் போன பொருள் அதுவே. பிடிப்பவர்கள் பணிக்கர். மான்தோலிலோ எருமைத்தோலிலோ முறுக்கிய கயிற்றோடு யானையின் பின்னால் காற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் போய், பின்னங்காலில் சுருக்குப் போட்டு, மறுமுனையை மரத்தில் கட்டிவிடுவார்கள். சொல்லும்போது ஒரு வரி. செய்யும்போது உயிர் போகிற வேலை. பழக்கிய யானைகளைக் காட்டு வழியால் வடக்கே நடத்தி, கடல்நீரேரி ஆழம் குறைந்த இடத்தில் இறக்கி, குடாநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த இடத்துக்கு ஆனையிறவு என்று பெயர். அங்கிருந்து ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். யாழ்ப்பாணத்து யானைச் சந்தைக்குக் கொல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர் வந்தார்கள். முழக்கணக்கில் உயரம் அளந்து விலை பேசினார்கள். தெற்கே மாத்தறையில் பிடித்த யானைகளைக்கூட ஒல்லாந்தர் தீவின் நீளத்துக்கு நடத்திக்கொண்டு வந்து இங்கே விற்றார்கள்.

இந்தத் தொழிலின் வலியை ஒல்லாந்தரின் கணக்கேடு சொல்லாது. அதை வன்னி மக்கள் ஒப்பாரியாகப் பாடி வைத்தார்கள். குமுழமுனைப் பக்கத்துக் கதை. ஊரை அழித்த கொலையானை ஒன்றைப் பிடிக்க ஆண்களால் முடியவில்லை. வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை போய் அதைக் கட்டிக்கொண்டு வருகிறாள். ஆண்கள் செய்ய முடியாததைச் செய்த குற்றத்துக்காக அவளுக்கு வெற்றிலையில் நஞ்சு வைத்துக் கொடுக்கிறார்கள். கணவன் அவளுக்காக அழுகிற அழுகைதான் அந்த ஒப்பாரி. வன்னிமைக் காலத்தை அறிய என்னை எதை வாசிக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், வன்னியர் பெயர்ப்பட்டியலைக் காட்டமாட்டேன்; இதைக் காட்டுவேன். யானை பிடித்துத் திறை கட்டிய ஒரு சமூகத்தில் வீரம் எப்படி அளக்கப்பட்டது, பொறாமை எங்கே பிறந்தது, பெண் எந்த எல்லை வரை போகலாம் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். அவர்கள் வணிகக் கொம்பனிக்காரர். கணக்கு அவர்களுடைய வேதம். இத்தனை யானை வர வேண்டும், இத்தனை வந்தது, இத்தனை பாக்கி என்று எழுதத் தொடங்கினார்கள். வன்னியருக்கோ திறை என்பது மரியாதை. வறட்சி வந்த ஆண்டில் குறையும், மனம் கசந்த ஆண்டில் வராது. பனங்காமத்துக் கயிலாய வன்னியன் 1678இல் இறக்கும்வரை யாழ்ப்பாணக் கோட்டைக்கு நேரில் போய் வணக்கம் செலுத்த மறுத்தே வாழ்ந்தான். 1697இல் யாழ்ப்பாணத்துத் தளபதியாக இருந்த ஹென்றிக் ஸ்வார்டகுரோன் தனக்குப்பின் வருபவர்களுக்காக எழுதி வைத்த நீண்ட குறிப்பில் வன்னியரின் யானைப் பாக்கி பெரிய தலையிடியாக வருகிறது. அதைச் சோபியா பீற்றர்ஸ் ஆங்கிலத்தில் பெயர்த்து 1911இல் வெளியிட்டார். அந்தக் குறிப்பை வாசிக்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. ஒல்லாந்தர் வன்னியரைக் கடன்காரராகப் பார்க்கத் தொடங்கிய நாளிலேயே வன்னிமையின் முடிவு எழுதப்பட்டுவிட்டது. திறை கொடுப்பவனை அரசன் மன்னிக்கலாம். பாக்கி வைத்தவனைக் கணக்கப்பிள்ளை மன்னிக்கமாட்டான்.

வன்னிமை பிறந்து வளர்ந்த நூற்றாண்டுகளில் உலகத்தின் வேறொரு மூலையில் இப்படி ஓர் ஆளும் குடும்பம் எப்படி வளர்ந்தது என்று பார்ப்பது பயன்தரும். இத்தாலியின் வடக்கே மிலான் நகரம். 1277இல் ஒத்தோனே விஸ்கொன்டி என்ற பேராயர், டெசியோ என்ற இடத்தில் எதிரிக் குடும்பத்தை வென்று நகருக்குள் நுழைந்தார். அவருடைய வழியில் வந்த மத்தேயோ 1294இல் ஜெர்மானிய அரசனின் பதிலாள் என்ற பதவியைப் பெற்றார். பதிலாள் என்றால் அரசன் பெயரில் ஊரைப் பார்த்துக்கொள்கிறவர். ஊர் அவருக்குச் சொந்தமில்லை. ஆனால் மகனும் பேரனும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஜான் கலியாசோ விஸ்கொன்டி 1385இல் தன் சித்தப்பாவும் மாமனாருமான பெர்னபோவைத் தந்திரமாக வரவழைத்துச் சிறைப்பிடித்தான். அடுத்த ஆண்டு மிலானின் பேராலயத்துக்கு வேலை தொடங்கியது. 1395இல் அரசன் வென்செஸ்லாசுக்கு ஓர் இலட்சம் பொற்காசு கொடுத்துக் கோமகன் என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டான். இத்தாலியின் வடக்கையும் நடுவையும் விழுங்கிக்கொண்டு வந்தவன் 1402இல் காய்ச்சலில் செத்தான். ஆண்வாரிசு இல்லாமல் 1447இல் அந்த வம்சம் முடிந்தது. மூன்று ஆண்டு குடியரசு நடத்திப் பார்த்த மிலான், 1450இல் கூலிப்படைத் தலைவனும் அந்த வீட்டு மருமகனுமான பிரான்செஸ்கோ ஸ்போர்சாவிடம் போய்ச் சேர்ந்தது.

பிறப்பு இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான். மையத்தில் பேரரசு தளர்ந்தது. ஊரைப் பார்த்துக்கொள்ள இருந்தவன் ஊருக்கு உடையவனானான். வளர்ந்த விதம் வேறு. மிலான்காரன் பொன்னைக் கொட்டித் தன் பெயரை எல்லோரும் அறியும்படி எழுதி வாங்கினான். வன்னியன் ஆண்டுதோறும் யானையைக் கொடுத்து, தன் ஊரின் பெயர் பிறர் ஏட்டில் ஏறாமல் பார்த்துக்கொண்டான். அவனுக்குப் பேராலயம் எழுப்பச் சலவைக்கல்லும் இல்லை, ஓவியனை வைத்துப் படம் எழுத நகரமும் இல்லை. ஒட்டுசுட்டான் தான்தோன்றீச்சரம், வற்றாப்பளைக் கண்ணகை அம்மன், முள்ளியவளைக் காட்டு விநாயகர் என்று கோயில்கள் இருந்தன. அவை வன்னியரின் பெருமைக்கு எழுந்தவையல்ல. வன்னியரும் போய்க் கும்பிட்டு நின்ற இடங்கள். காய்ச்சல் விடயத்திலும் வேறுபாடு உண்டு. ஜான் கலியாசோவைக் கொன்றது காய்ச்சல். வன்னிமையைக் காத்தது காய்ச்சல். மலேரியா நுளம்பு நிறைந்த காட்டுக்குள் ஐரோப்பியப் படையைப் பல மாதம் வைத்திருக்க எந்தத் தளபதிக்கும் துணிவு வரவில்லை.

துணிவு வந்தது 1780களில். ஒல்லாந்தர் வன்னியரைப் பதவி நீக்கி, பற்றுகளை நேரே தங்கள் கையில் எடுத்தார்கள். தோமஸ் நாகல் என்ற லெப்டினன்ட் வன்னியின் பொறுப்பில் வந்தான். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கொடுக்க வேண்டும் என்றானது. முதன்முதலாக வயலடிக்கு வந்து நெல்லை அளந்தார்கள். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. வன்னிச்சி மரியா செம்பாத்தையைச் சிறைப்பிடித்துக் கொழும்புக் கோட்டையில் அடைத்தார்கள். வன்னிப் பெண்கள் பதவியிலும் போரிலும் நின்றார்கள் என்பதற்கு எதிரியின் ஏடே சாட்சியாக நிற்கிற இடம் இது. அவளுக்கு ஒரு சிலை எங்கேயும் இல்லாதது எனக்கு வருத்தம்.

1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தையும் முல்லைத்தீவையும் ஒல்லாந்தரிடமிருந்து எடுத்தார்கள். வரி அப்படியே தொடர்ந்தது. பாக் நீரிணைக்கு அந்தப்புறம் தென்தமிழ்நாட்டில் அதே கதை நடந்துகொண்டிருந்தது. கட்டபொம்மனை 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். மருது சகோதரர்களை 1801 அக்டோபரில் திருப்பத்தூரில். பாளையக்காரரும் வன்னியரும் ஒரே தன்மையானவர்கள். அரசனுக்கும் உழவனுக்கும் நடுவில் நின்று, ஊர்க் காவலையும் குளத்தையும் பார்த்து, மேலே கொஞ்சம் கொடுத்துக் கீழே முழுதாக ஆண்டவர்கள். கொம்பனி ஆட்சிக்கு நடுவில் ஆள் தேவைப்படவில்லை. தேவைப்பட்டபோதும் சம்பளத்துக்கு வேலை செய்கிற ஆள்தான் தேவைப்பட்டான்.

1803 ஜூன் 24இல் கண்டியில் ஆங்கிலேயப் படை அழிந்தது. அதன் தலைவன் மேஜர் டேவி சரணடைந்த பிறகு அவனுடைய வீரர்களைக் கண்டியர் கொன்றார்கள். அந்தச் செய்தி வன்னிக்கு வந்த இரண்டு மாதத்தில், ஆகஸ்டில், பண்டாரவன்னியன் எழுந்தான். கண்டியின் துணை அவனுக்கு இருந்தது. முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். அங்கே இருந்த ஆங்கிலேயரின் படை அதிகாரி வொன் டிறிபேர்க் கடல்வழியாக யாழ்ப்பாணத்துக்குத் தப்பினான். வன்னிப் படை ஆனையிறவு வரை போனது. யானைகளை இறக்கிய அதே நீரேரிக் கரையில், திறை கொண்டுபோகாமல் ஆயுதத்தோடு வன்னியர் நின்றார்கள். ஆங்கிலேயர் வெவ்வேறு திசைகளிலிருந்து படைகளை நகர்த்தினார்கள். மன்னார்ப் பக்கமிருந்து வந்த டிறிபேர்க், 1803 அக்டோபர் 31ஆம் திகதி ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனின் படையைத் திடீரென்று தாக்கி முறியடித்தான். பண்டாரவன்னியன் அன்று பிடிபடவில்லை. அதன்பிறகும் சில ஆண்டுகள் அவன் பெயர் ஆங்கிலேய அதிகாரிகளின் கடிதங்களில் கவலையோடு வருகிறது. ஆனால் வன்னிமை என்ற ஆட்சி மீண்டு எழவில்லை.

தோற்கடித்தவர்களின் தரப்புக் கற்சிலைமடுவில் ஒரு கல்லை நட்டது. இந்த இடத்துக்கு அண்மையில் இன்னார் இன்னாரைத் தோற்கடித்தார் என்று திகதியோடு ஆங்கிலத்தில் பொறித்தார்கள். வெற்றிச் சின்னமாக நட்ட அந்தக் கல்லையே மக்கள் தங்கள் வீரனின் நடுகல்லாக்கி விளக்கேற்றினார்கள். நாடகாசிரியர் முல்லைமணி அவனை மேடைக்குக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் மு. கருணாநிதி ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ என்று நாவல் எழுதினார். போரில் தோற்றவனைக் கதையில் வெல்ல வைத்தார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். வாய்மொழிக் கதையில் பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுப்பவன் காக்கை வன்னியன். பண்டாரவன்னியனின் தங்கையைப் பெண் கேட்டுக் கொடுக்காத ஆத்திரத்தில் ஆங்கிலேயரோடு சேர்கிறான். யாழ்ப்பாண வைபவமாலையைப் புரட்டினால், அங்கே சங்கிலியைப் போர்த்துக்கேயருக்குக் காட்டிக்கொடுப்பவனும் காக்கை வன்னியன்தான். இரண்டு நிகழ்ச்சிக்கும் இடையில் ஏறக்குறைய இருநூறு ஆண்டு. ஒரே ஆள் இரண்டு முறை துரோகம் செய்திருக்க முடியாது. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு துரோகி தேவைப்பட்டபோது மக்கள் பழைய பெயரையே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. துரோகியைக் கண்டுபிடித்தவுடன் காரணம் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். பண்டாரவன்னியன் தோற்றது ஒருவனின் பொறாமையால் மட்டுமென்றால், இருபது ஆண்டுக்கு முன்பே குளத்தடிக்கு வந்துவிட்ட வரி அதிகாரியை எங்கே வைப்பது? தலைவனுக்கும் குடிக்கும் நடுவில் இருந்த பிணைப்பை 1780களிலேயே ஒல்லாந்தர் அறுத்துவிட்டார்கள். 1803இல் அவன் திரட்டியது ஓர் ஆட்சியின் படையை அல்ல. பறிபோன ஆட்சியின் நினைவை.

வன்னிமை போனபின் அது செய்த வேலை என்ன ஆனது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமான பகுதி. 1832இல் கோல்புறூக் குழுவின் பரிந்துரைப்படி ஆங்கிலேயர் தீவு முழுவதும் இராசகாரியத்தை ஒழித்தார்கள். கட்டாய வேலையிலிருந்து மக்கள் விடுபட்டது நல்லதுதான். அதை மறுக்க மாட்டேன். ஆனால் குளத்துக்கட்டில் மண் போட ஆளைக் கூப்பிடுகிற அதிகாரமும் அதோடு சேர்ந்து போயிற்று. பழைய தலைவன் இல்லை, பழைய கட்டாயமும் இல்லை. ஒருவன் கட்டுக்கு வராவிட்டால் அவனைக் கேட்க யாருமில்லை. வரண்ட பிரதேசமெங்கும் குளங்கள் உடைந்து தூர்ந்தன. காய்ச்சலும் பஞ்சமும் ஊர்களைத் தின்றன. கடைசியில் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல், வயல் நீர்ப்பாசனத்துக்கென்று ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் சாரம் இதுதான்: தண்ணீர்ப் பங்கீட்டிலும் குளப் பராமரிப்பிலும் அந்தந்த ஊரில் முன்பிருந்த வழக்கத்தை விவசாயிகளே கூடித் தீர்மானித்துக்கொள்ளலாம், தீர்மானித்ததை மீறினால் தண்டிக்கலாம். வன்னியரை ஒழித்து ஐம்பது ஆண்டு கழித்து, வன்னியர் செய்த வேலையைச் சட்டம் போட்டுத் திருப்பி அழைத்தார்கள்.

அந்தச் சட்டம் பலமுறை மாறிவிட்டது. கூட்டம் மாறவில்லை. புரட்டாதி பிறந்து காலபோகத்துக்கு ஆயத்தம் தொடங்கும்போது, இந்தப் பக்கத்துக் கமக்காரர் அமைப்புகள் கமநலச் சேவை நிலையத்து அதிகாரியை வைத்துக்கொண்டு கூடுகின்றன. எந்தத் திகதிக்குள் விதைப்பு முடிய வேண்டும், மாடு எந்த நாளிலிருந்து கட்டப்பட வேண்டும், வேலி அடைக்காதவனுக்கு என்ன தண்டம், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்று பேசுகிறார்கள். சத்தம் வரும், பழைய பகை வரும், ஒருவர் எழும்பிப் போய்ப் பிறகு திரும்பி வருவார். கடைசியில் வயலின் அளவுக்கு ஏற்றபடி ஒவ்வொருவருக்கும் குளத்துக்கட்டில் எத்தனை முழம் மண் என்று பிரித்து எழுதுகிறார்கள்.